ஓய்வுக்காலத்தில் மீண்டும் கோழி வளர்ப்பு

"உள்நோயாளியாகச் சேர்ந்துகொள்ளுங்கள்" என்று மருத்துவர் சொன்னவுடன், கிராமத்திலிருந்து வரும் முதியவர்கள் சிலர் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டுல கோழி கெடக்கே, யாரு தெறந்து விடுவா?" என்பதாகும். உடன் வந்த மகனோ மருமகளோ கூச்சத்துடன், "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம், நீங்க சும்மா இருங்கப்பா" என்று அடக்கிவிடுவது வழக்கம். அடக்க வேண்டிய கேள்வி அன்று அது. வளர்ப்பு உயிர்களுக்கு வழி செய்யாமல் வந்தவர், மருத்துவர் குறித்த நாளுக்கு முன்பே வீடு திரும்பப் பிடிவாதம் பிடிப்பார். கண்புரை அறுவைக்குத் தேதி கொடுத்தால், "இந்த அடை பொரியட்டும்" என்று தள்ளிப்போடுவார். ஆகவே கோழி வளர்ப்பு, மருத்துவமனை இதழ் பேசத்தக்க பொருளே.

தா.பழூர் ஒன்றியத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. தெற்கே கொள்ளிடக் கரையை ஒட்டி நெல் விளையும் வண்டல் நிலம். வடக்கே ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் பக்கம் போகப் போகச் செம்மண்ணும் முந்திரியும் மானாவாரிப் பயிரும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது புறக்கடைக் கோழி. இங்கே பிறந்து, பள்ளியிலோ போக்குவரத்துக் கழகத்திலோ சிமெண்டு ஆலையிலோ வெளியூர் அலுவலகத்திலோ முப்பது ஆண்டு உழைத்துவிட்டு, அறுபது வயதில் ஊருக்குத் திரும்புவோர் பலர். பத்துச் செண்டோ அரை ஏக்கரோ இருக்கும் இடத்தில் வேலி போட்டு, நான்கு தென்னை, ஒரு முருங்கை வைத்தபின் அவர்கள் மனத்தில் எழும் அடுத்த எண்ணம் கோழி.

அந்த எண்ணத்தில் ஒரு மறதி கலந்திருப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் குஞ்சுகள் ஓடிவந்தது ஆண்களின் நினைவில் பசுமையாக இருக்கிறது. நொய் தூவியது, எச்சத்தைக் கூட்டியது, அடைக்கு முட்டை வைத்தது, பருந்தைக் கண்டு குரல் கொடுத்தது எல்லாம் அவர்களுடைய தாய்மார். முட்டையோடு இரும்புத் துண்டும் கரியும் வைத்தால் இடிக்கு முட்டை கூமுட்டை ஆகாது என்று நம்பி, அதையும் தவறாமல் செய்தவர்கள் அவர்கள். இன்று அதே வேலை பெரும்பாலும் மனைவியின் தலையில் விழுகிறது. அவருக்கும் முழங்கால் வலிதான், அவருக்கும் சர்க்கரைதான். கோழி வாங்குமுன் அவரைக் கேட்பது முதல் வேலை.

ஐந்து பெட்டை, ஒரு சேவல்

நாட்டுப் பெட்டைக்கோழி ஆண்டுக்கு ஏறக்குறைய 60 முதல் 80 முட்டை இடும். பண்ணைகளில் வளரும் வெள்ளை லெகார்ன் வகைக் கோழி 300 வரை இடுவதோடு ஒப்பிட்டால் இது குறைவே. ஆனால் நாட்டுக்கோழி மேய்ந்து உண்ணும், தானே அடைகாக்கும், தானே குஞ்சைக் காக்கும். ஐந்து பெட்டை இருந்தால் ஆண்டுக்கு முந்நூறு முட்டைக்குக் குறையாது. முதிய தம்பதியருக்கு அது தாராளம். தீனியும் பெரிய செலவாகாது. மேய்ச்சல் போக நாளுக்கு அரைக்கிலோ அளவில் கம்பும் நொய்யும் தவிடும் போதும். பழைய பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணமும் அடைத்து, தண்ணீர் தெளித்து மாலையில் தரையில் கவிழ்த்துவைத்தால் மறுநாள் காலை கரையான் கூடியிருக்கும். குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல புரத உணவு எளிதில் கிடைக்காது.

இடர்ப்பாடு வேறிடத்தில் இருக்கிறது. ஒரு பெட்டை பன்னிரண்டு முட்டைமீது அமர்ந்தால் 21 நாளில் எட்டோ பத்தோ குஞ்சு பொரியும். காகம், கீரி, பூனைக்குப் போனது போகப் பாதி பிழைத்தாலும், ஐந்து பெட்டைகள் ஓராண்டில் ஐம்பது கோழியாகிவிடும். யாரும் ஐம்பது வளர்க்கத் திட்டமிடுவதில்லை. ஐம்பது தானாக வருகிறது. அதன்பின் நாளுக்கு நான்கு கிலோ தீனி, குடம் குடமாகத் தண்ணீர், கூடை கூடையாக எச்சம், அண்டை வீட்டுக் கீரைப் பாத்திக்காக வாய்ச்சண்டை. அறுபத்தைந்து வயது உடம்பு அதற்கு ஈடு கொடுக்காது.

எண்ணிக்கையை முடிவு செய்ய நாம் பரிந்துரைக்கும் அளவுகோல் ஒன்றுதான். நீங்கள் பத்து நாள் வீட்டில் இல்லாவிட்டால், பக்கத்து வீட்டார் முகம் சுளிக்காமல் எத்தனை கோழியைப் பார்த்துக்கொள்வாரோ, அத்தனையே உங்களுக்கு உரியது. ஐந்தாறு கோழியை யாரும் பார்த்துக்கொள்வர். முட்டையை அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டால் மகிழ்ச்சியோடு பார்த்துக்கொள்வர். ஐம்பதைக் கேட்டால், "ஊருக்குப் போறோம்" என்பார்கள். எண்ணிக்கை பெருகாமலிருக்க முட்டையை அன்றாடம் எடுத்துவிட வேண்டும். ஆண்டுக்கு ஒரு பெட்டையை மட்டும் அடைக்கு வைக்க வேண்டும்.

உடம்புக்கு ஏற்ற கூடு

இளமையில் கூட்டுக்குள் குனிந்து புகுந்து கூட்டினோம். முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர் குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது. தலைசுற்றல் உள்ளவரும், இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்பவரும் சட்டெனக் குனிந்து நிமிர்ந்தால் விழக்கூடும். ஆகவே கூட்டின் தரையை இடுப்பளவு உயர்த்தி, நான்கு கால்மேல் அமைத்துவிட்டால் நின்றபடியே எல்லாம் செய்யலாம். கோழி ஏறிச்செல்லச் சாய்வுப் பலகை ஒன்று போதும். இரவில் அடைய ஒரு கோழிக்கு ஏறக்குறைய இரண்டு சதுர அடி வேண்டும். ஆறு கோழிக்கு நான்கடிக்கு மூன்றடிக் கூடு. முட்டையிடும் பெட்டியை வெளியிலிருந்தே திறக்கும்படி வையுங்கள். தீனி மூட்டையைத் தூக்க வேண்டாம். மூடியுள்ள சிறு வாளியில் வாரத்துக்கு வேண்டியதை வேறொருவர் நிரப்பித் தரட்டும். ஊன்றுகோலோடு நடப்பவர், தீனிக்காகக் காலைச் சுற்றும் கோழிகளிடையே நடக்காமல், வேலிக்கு வெளியே நின்று தூவுவது நல்லது. இதய அறுவைக்கு நெஞ்செலும்பைத் திறந்திருந்தால் அது சேர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடமும் கூடாது.

இருட்டில் முட்டைப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். முட்டைக்கும் குஞ்சுக்கும் தீனிக்கு வரும் எலிக்கும் பாம்பு வரும். நல்ல பாம்பு வரப்பில் மட்டும் வாழ்வதில்லை. கோழிக்கூட்டுக்குள்ளும் சுருண்டு கிடக்கும். டார்ச் விளக்கு இல்லாமல் கூட்டருகே போகாதீர்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், 108-ஐ அழைத்து, நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே வாருங்கள். மந்திரிக்கப் போகும் அரைமணி நேரமே சில சமயம் உயிர். எலி இருந்தால் எலிக்காய்ச்சலும் உண்டு. மழைக்காலத்தில் தேங்கிய நீரில், வெடிப்புள்ள பாதத்தோடு வெறுங்காலில் நடப்போருக்கு அது எளிதில் தொற்றும்.

சர்க்கரை நோயாளர்களுக்குத் தனியாக ஒரு சொல். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சேவலின் கால்முள் கீறியதே தெரியாது. இரண்டு நாள் கழித்துச் சீழ் கண்டபின்தான் தெரியும். கூட்டருகே செல்ல மூடிய காலணி ஒன்றைத் தனியே வைத்து, திரும்பியதும் காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கு வரை பாருங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போர் சண்டைச் சேவல் வளர்க்க வேண்டாம். சாதுவான சிறுவிடை போதும். பெருவிடைமீது ஆசை இருந்தால் பேரனுக்குச் சொல்லி ரசியுங்கள்.

நுரையீரலும் மருத்துவரிடம் சொல்லாத செய்தியும்

ஆஸ்துமா உள்ளவர்களும், நீண்டகாலப் புகைப்பழக்கத்தால் நுரையீரல் சுருங்கியவர்களும் கூட்டைத் தாமே கூட்டக் கூடாது. ஈரக் கூளத்திலிருந்து எழும் அம்மோனியா கண்ணை எரிக்கும் முன்பே மூச்சுக்குழலை எரித்துவிடும். வேறு ஆள் இல்லையென்றால், முகக்கவசம் அணிந்து, கூளத்தின்மேல் சிறிது தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கியபின் வாரலாம். வடகிழக்குப் பருவமழையில் உமியோ கடலைத்தோலோ நனைந்து கட்டிபிடித்தால் உடனே மாற்றிவிட வேண்டும்.

இன்னொரு நோய் உண்டு. அது பலருக்குத் தெரியாது. பறவையின் இறகுத் தூசியும் காய்ந்த எச்சத் தூசியும் சிலருடைய நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும். புறாவும் கிளியும் வளர்ப்போரிடம் மிகுதி. கோழி வளர்ப்போரிடமும் காணப்படும். கூட்டைச் சுத்தம் செய்த சில மணி நேரம் கழித்து வறட்டு இருமல், மூச்சுத்திணறல், இலேசான காய்ச்சல் வரும், மறுநாள் தணியும், அடுத்த வாரம் மீண்டும் வரும். சளி என்று நினைத்து மருந்து வாங்கிக்கொண்டே இருந்தால், ஆண்டுகள் செல்ல நுரையீரலில் தழும்பு விழும். பறவையை விட்டு விலகுவதே இதற்கு முதல் மருந்து. மருத்துவர் "வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள்?" என்று கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். பல ஆண்டு இருமலுக்கு விடை அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கக்கூடும்.

புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோர், நெடுநாளாக ஸ்டீராய்டு உண்போர் ஆகியோர் எச்சத்தையும் குஞ்சுகளையும் தொடாதிருப்பதே நலம். கோழியைப் பார்க்கலாம், வேலையைப் பிறர் செய்யட்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பேரக்குழந்தைகளும் அவ்வாறே. மஞ்சள் பந்துபோல் இருக்கும் குஞ்சை முத்தமிடாமல் இருக்கக் குழந்தைக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம் என்பது தெரியும். ஆனாலும் சால்மோனெல்லா என்னும் கிருமி, நோயற்றதாகத் தோன்றும் கோழியின் எச்சத்திலும் இருக்கும். கோழியைத் தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவுவது வீட்டில் அனைவருக்கும் பொது.

இதே காரணத்தால், நோயிலிருந்து தேறுவோருக்குப் பச்சை முட்டையைப் பாலில் அடித்துக் கொடுப்பதையும் அரைவேக்காட்டு முட்டை கொடுப்பதையும் கைவிட வேண்டும். மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வெந்த முட்டையே நல்லது. முட்டையிலுள்ள புரதம் வெந்தபின் இன்னும் நன்றாகச் செரிக்கும். சுமார் 40 கிராம் எடையுள்ள நாட்டுக்கோழி முட்டையில் 4 முதல் 5 கிராம் புரதம் கிடைக்கும். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. அதற்கும் சத்துக்கும் தொடர்பில்லை. கருங்கோழிக் கறி இன்ன நோயைத் தீர்க்கும் என்று பரவும் செய்திகளை நம்பிப் பணம் செலவிட வேண்டாம். சிறுநீரக நோயாளருக்கு நாட்டுக்கோழிச் சாறு கொண்டுவரும் உறவினர்கள், அதிலுள்ள உப்பைப் பற்றியும், நோயாளி எவ்வளவு புரதம் உண்ணலாம் என்பதைப் பற்றியும் உணவியல் நிபுணரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வெள்ளைக் கழிச்சல்

வாழ்வில் ஒருமுறையேனும் கோழி வளர்த்தவர் அஞ்சும் பெயர் இது. காலையில் ஒன்று தலையைத் தொங்கவிட்டு நிற்கும், மாலையில் மூன்று, மூன்று நாளில் கூடு காலி. 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கருகே கண்டறியப்பட்டதால் உலகம் அதை நியூகாசில் நோய் என்கிறது; அதே பத்தாண்டின் இறுதியில் இமயமலையடிவார ஊரான ராணிகேத்தில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் ராணிகேத் நோய். இது வைரஸ் நோய். வந்தபின் குணப்படுத்தும் மருந்து இல்லை. நம் பக்கத்தில் சின்ன வெங்காயத்தை நறுக்கியும், மிளகு, சீரகம், மஞ்சள், கீழாநெல்லியை அரைத்தும் கொடுப்பர். கொடுக்கலாம், கெடுதலில்லை. தடுப்பூசிக்கு அது மாற்றாகாது.

குஞ்சு பொரித்த ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் வாரத்தில் இறக்கையில் தோலுக்கடியில் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும், பெரும்பாலும் பிப்ரவரியில், புறக்கடைக் கோழிகளுக்கு இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது. முகாம் நாளை ஊராட்சியிலோ கால்நடை மருந்தகத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தச் சொட்டு மருந்தில் உயிருள்ள வைரஸ் இருக்கிறது. மனிதர் கண்ணில் பட்டால் சில நாள் கண் சிவந்து நீர் வடியும். கண்புரை அறுவை முடிந்து ஓரிரு மாதமே ஆனவர் குஞ்சைப் பிடித்துக்கொடுக்கும் வேலையையும் ஏற்க வேண்டாம்.

கோழிக்கு நோய் வந்தால் வீட்டில் மீந்திருக்கும் மனித மருந்தை உடைத்துப் போடும் வழக்கம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. தாத்தாவின் நெஞ்சுச் சளிக்கு எழுதிக்கொடுத்த நுண்ணுயிர்க்கொல்லிக் குளிகையில் பாதி கோழிக்குப் போகிறது. வைரஸ் நோய்க்கு அது பயன்படாது. அதைவிடத் தீங்கானது, அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் கூட்டிலும் வீட்டிலும் வளர்வதே. நாளை அதே தாத்தாவுக்குச் சிறுநீர்த் தொற்று வரும்போது அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம். மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுப்பதை இந்திய அரசு 2019-இல் தடைசெய்தது இந்த அச்சத்தால்தான். மீந்த மாத்திரையைக் கோழிக்கும் கொடுக்காதீர்கள். அடுத்த காய்ச்சலுக்கென்று நீங்களும் வைத்துக்கொள்ளாதீர்கள். கால்நடை மருத்துவர் கோழிக்கு மருந்து எழுதினால், எத்தனை நாள் முட்டையும் கறியும் உண்ணக் கூடாது என்று கேட்டு அதன்படி நடங்கள். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ உதவி கிடைக்கிறது.

பறவைக் காய்ச்சல் செய்தி வரும் நாள்களில் கோழியை ஏரி குளத்துக் காட்டு வாத்துகளோடு கலக்கவிடாமல் அடைத்து வளர்ப்பது அறிவுடைமை. கரைவெட்டி ஏரிக்கு வலசை வரும் பறவைகளால் பெருமை கொள்ளும் மாவட்டம் நமது. நீர்ப்பறவைகள் அந்த வைரஸை நோயின்றிச் சுமக்கக்கூடியவை. பல கோழிகள் ஒருங்கே இறந்தால் அறுத்துச் சமைக்காதீர்கள்; வாய்க்காலிலோ கொள்ளிடத்திலோ எறியாதீர்கள். கால்நடைத் துறைக்குத் தெரிவித்து, அவர்கள் சொல்லும்படி ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். அந்த வாரத்தில் உங்களுக்குக் காய்ச்சலோ இருமலோ வந்தால் மருத்துவரிடம் கோழி இறந்ததைச் சொல்லுங்கள்.

மருத்துவமனைக்கு வரும் நாளில்

உடனிருந்து பார்த்துக்கொள்வோர்க்கு: "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கத் தோன்றும். பணி ஓய்வுக்குப்பின் பலருக்கு நாளின் உருவமே கலைந்துவிடுகிறது. கோழி இருந்தால் விடியலில் எழுந்தாக வேண்டும். அந்தி சாயுமுன் திரும்பியாக வேண்டும். இந்த இரண்டு வேளையோடு மாத்திரையையும் இணைத்துவிடுங்கள். கூட்டைத் திறந்தபின் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை; கூட்டை அடைத்தபின் இரவு மாத்திரை. நாள்காட்டியில் குறித்துவைத்ததைவிட இது நன்றாக நினைவிருக்கும்.

கூட்டின்மேல் ஓர் அட்டையைத் தொங்கவிடுங்கள். திறக்கும் நேரம், அடைக்கும் நேரம், தீனி எத்தனை குவளை, தண்ணீர் எங்கே, கடைசியாகத் தடுப்பூசி போட்ட நாள், பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டவர் பெயர் ஆகியன அதில் இருக்கட்டும். திடீரென்று ஆம்புலன்ஸ் ஏற நேர்ந்தாலும் அண்டை வீட்டார் அதைப் படித்து நடத்திக்கொள்வர். உள்நோயாளியாகச் சேரும்போது வீட்டில் உயிர்கள் இருப்பதைச் செவிலியரிடமும் சொல்லிவிடுங்கள். எப்போது வீடு திரும்பலாம், திரும்பியபின் எத்தனை நாள் கூட்டருகே போகக் கூடாது என்பதை மருத்துவர் அதற்கேற்பச் சொல்வார்.

வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு வர நேர்ந்தாலோ, மறதி நோய் தொடங்கினாலோ, முழுவதையும் ஒரே நாளில் விற்றுவிட வேண்டுமென்பதில்லை. சேவலையும் குஞ்சுகளையும் உறவினருக்குக் கொடுத்துவிட்டு, பழகிய இரண்டு பெட்டைகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம். சேவல் இல்லாவிட்டாலும் அவை முட்டையிடும், அந்த முட்டை பொரியாது, எண்ணிக்கையும் பெருகாது.